தரகுக் காசு யார் மடியிலிருந்து போகிறது?

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டன. அதன்பின் ஊவா மலைச்சரிவில் வாழும் எமது குடும்பங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன: இங்கேயே இருப்பதா, இடம் மாறுவதா? அந்த ஆண்டு முடியும் தறுவாயில் உமாஓயாத் திட்டச் சுரங்கத்தில் நீர்க்கசிவு ஏற்பட்டு, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு வந்த மழை, பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல சரிவுகளைச் சாய்த்தது.

இவ்வாறு இடம்பெயரும் விவசாயக் குடும்பம் காணிச் சந்தைக்குள் இரண்டு தடவை நுழைய வேண்டியிருக்கிறது. கிழங்கும் போஞ்சியும் போட்ட பழைய நிலத்தை விற்பதற்கு ஒரு தடவை, குடியிருக்க மேட்டில்லாத இடம் தேடி வாங்குவதற்கு இன்னொரு தடவை. இரண்டு வாசலிலும் தரகர் நிற்கிறார். ஆகவே மற்றவர்களை விட எமக்குத் தரகுக் கணக்கு தெரிந்திருப்பது அவசியமாகின்றது.

இலங்கையில் காணித் தரகுக்கு இத்தனை வீதம்தான் என்று சட்டம் ஒரு விகிதத்தைக் குறித்து வைக்கவில்லை. எல்லாம் வழக்கத்தில்தான் நடக்கிறது. பட்டணங்களில் விற்பவர் விலையில் 3 வீதம் கொடுப்பது பொதுவான வழக்கம். கிராமப் பக்கத்தில் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தனித்தனியே வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு முறை உண்டு. "எனக்குக் கைக்குப் பன்னிரண்டு இலட்சம் வந்தால் போதும், மேலே வருவதை நீ எடுத்துக்கொள்" என்று காணிக்காரர் சொல்லிவிடுவார். பத்திரிகை விளம்பரங்களில் "தரகர்கள் தேவையில்லை" என்று போடுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது முறையில் சூடு கண்டவர்களே.

அது எப்படிச் சுடுகிறது என்று பார்ப்போம். காணிக்காரர் கேட்டது 12 இலட்சம். தரகர் வாங்குபவரிடம் சொல்வது 14 இலட்சம். நடுவில் நிற்கும் 2 இலட்சம், வாங்குபவர் கொடுக்கும் காசில் நூற்றுக்குப் பதினான்குக்கு மேல். இதே காணிக்கு 3 வீதம் என்றால் 36,000 ரூபா. இரண்டு பக்கமும் வாங்கினால்கூட 72,000 ரூபாதான். வாங்கிய குடும்பமோ "தரகருக்கு நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை, நல்ல மனுசன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்! அத்தோடு முடியவில்லை. உறுதியில் எழுதும் பெறுமதிக்கு முத்திரைத் தீர்வை உண்டு: முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அது மாகாண சபைக்குப் போகும் வருமானம், கட்டுபவர் வழக்கமாக வாங்குபவர். 12 இலட்சத்துக்கு 47,000 ரூபா, 14 இலட்சத்துக்கு 55,000 ரூபா. ஒளித்து வைத்த தரகுக்கும் சேர்த்து 8,000 ரூபா தீர்வை கட்டியாகிவிட்டது.

இனி, தரகு முறையை மாற்றினால் என்ன நடக்கும்? விற்பவர் கொடுத்து வந்ததை வாங்குபவர் கொடுக்க வேண்டும் என்று மாற்றினால் வாங்குபவருக்கு நட்டம் என்றே எவரும் நினைப்பர். பாதிதான் உண்மை. விற்பவர் தரகு கொடுக்கும்போது அதை முன்கூட்டியே விலையில் ஏற்றித்தான் சொல்கிறார். அந்தப் பாரம் நீங்கினால் விலையை இறக்க அவருக்கு இடமிருக்கிறது. இறக்குவாரா என்பது யாருக்கு அவசரம் என்பதைப் பொறுத்தது. ஹல்துமுல்லைப் பக்கம் மண்சரிவு அபாயம் என்று பெயர் கேட்ட சரிவில் காணி விற்பவருக்கு ஆளே கிடைப்பதில்லை. அங்கே தரகை யார் பெயரில் எழுதினாலும் சுமப்பவர் விற்பவர். பண்டாரவளையில் தண்ணீரும் பாதையும் உள்ள சமதரைக்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள். அங்கே சுமப்பவர் வாங்குபவர். வாடகை வீட்டில் மாதாமாதம் காசு கரைந்துகொண்டிருக்கும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்குத்தான் எப்போதும் அவசரம். எனவே தரகின் பெரும் பங்கு எம் மடியிலிருந்துதான் போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே நல்லது.

இதில் இன்னொரு சிக்கலையும் நாம் கவனிக்க வேண்டும். வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும்போது காணியின் மதிப்பைப் பார்த்துத்தான் கொடுக்கிறது, தரகருக்கென்று கொடுப்பதில்லை. விலைக்குள் தரகு அடங்கியிருந்தால் அதன் ஒரு பகுதியைக் கடனால் சமாளிக்கலாம். தரகு தனியே வாங்குபவர் தலையில் வந்தால் அதைக் கையிலுள்ள ரொக்கமாகவே எண்ணி வைக்க வேண்டும். மொத்தத் தொகை ஒன்றாகவே இருந்தாலும், தோட்டத்தை விட்டு வெறுங்கையோடு வந்த குடும்பத்துக்கு அந்த ரொக்கம் கூரைத் தகரத்தின் விலை.

அமெரிக்காவில் அண்மையில் இதே விடயம் நீதிமன்றம் வரை போனது. வீடு விற்பவரே தன் தரகருக்கும் வாங்குபவரின் தரகருக்கும் சேர்த்து விலையில் 5 அல்லது 6 வீதம் கொடுப்பது அங்கே நீண்டகால வழக்கம். 2023 ஒக்டோபர் 31 அன்று மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில் ஜூரிமார், தேசிய ரியல்டர் சங்கமும் பெரிய தரகு நிறுவனங்களும் கூடிப் பேசித் தரகை உயர்த்தி வைத்திருந்தன என்று தீர்ப்பளித்தனர். 2024 மார்ச்சில் சங்கம் 41 கோடியே 80 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கியது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் தரகர் வீடு காட்ட முன்னரே, தனக்கு எவ்வளவு என்று அவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றாயிற்று. தரகு உடனே பாதியாகச் சரிந்துவிடவில்லை. ஆனால் தான் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது வாங்குபவர் கண்ணில் பட்டது. அவ்வளவு பெரிய நாட்டில் அதற்கே ஒரு வழக்கு வேண்டியிருந்தது.

எமது மக்களுக்கும் கண்ணில் படாத கொமிஷன் பழையதுதான். பெரிய கங்காணிமார் தலைக்காசு வாங்கிய காலத்தில், ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு ஆள் மாறும்போது அவரது கடனை எழுதிய 'துண்டு' கூடவே போகும். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அந்த முறை ஒழிந்தது. அதில் எழுதியிருந்த தொகை பல நேரங்களில் கடனாளிக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

வீதக் கணக்கில் கொடுப்பதா, குறித்த தொகையாகக் கொடுப்பதா என்பதையும் யோசிக்க வேண்டும். வாங்கும்போது வீதக் கணக்கு எமக்கு ஆகாது என்பதே எமது கருத்து. விலை ஏற ஏற எம்மிடம் கூலி வாங்குபவரின் கூலியும் ஏறினால், அவர் எமக்காக விலை பேசுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? "இடம் தேடித் தந்து உறுதி முடித்தால் இத்தனை ஆயிரம்" என்று ஒரே தொகையாகப் பேசிக்கொள்வது மேல். விற்கும்போது வீதம் பரவாயில்லை. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. அரை ஏக்கர் நிலத்தை 20 இலட்சத்துக்கு விற்கலாம் என்றிருக்கும்போது, 19 இலட்சத்துக்கு ஓர் ஆள் இன்றைக்கே தயார் என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்காமல் முடித்தால் தரகருக்கு இழப்பு 3,000 ரூபா, எமக்கு 97,000 ரூபா. அவர் "இதற்கு மேல் வராது, கொடுத்துவிடுங்கள்" என்று சொல்வதில் வியப்பில்லை. அதனால் 20 இலட்சம் வரை 3 வீதம், அதற்கு மேல் வரும் தொகையில் மட்டும் 10 வீதம் என்று பேசினால் அவருக்கும் ஒரு பிடிப்பு இருக்கும். இது 'மேலே வருவதை நீ எடு' என்பதைப் போன்றதல்ல. இங்கே முழு விலையும் இரு பக்கத்துக்கும் தெரியும்.

தரகரை வஞ்சகர் என்று காட்டுவது எமது நோக்கமல்ல. பசறையிலிருந்து லுணுகலை வரை ஏறி இறங்கி, பிரிக்கப்படாத பங்குகளின் சொந்தக்காரரை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கையெழுத்துக்குக் கொண்டுவருபவர் அவர். சிங்களத்தில் எழுதிய உறுதியை எம்மில் பலருக்கு வாசித்துச் சொல்பவரும் அவரே. அளவுக்கு மீறிக் கூலியைக் குறைத்தால், கூடத் தருகின்ற காணிக்காரரின் இடத்தையே அவர் எமக்குக் காட்டிக்கொண்டிருப்பார். நல்ல இடம் எம் கண்ணுக்கு வராமலே போய்விடும்.

எந்தத் தரகும் கொடுக்கக் கூடாத காணிகளும் உண்டு. பெருந்தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. 1992 இல் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது நிர்வாகமும் குத்தகை உரிமையும்தான். ஆகவே லயக் காம்பராவையோ தோட்டத்து மரக்கறித் துண்டையோ விற்பதாக ஒருவர் வந்தால், அங்கே விற்பதற்கு எதுவுமில்லை. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் பெற்ற காணியை நினைத்தபடி விற்க முடியாது, பிரதேச செயலாளரிடம் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மண்சரிவு அபாயமுள்ள பகுதியென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். வீடு கட்ட முடியாத மேட்டை மலிவாக வாங்கித் தந்தவருக்குக் கொடுத்த தரகு திரும்பி வராது.

முற்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். தரகர் கொப்பித்தாளில் எழுதித் தரும் முற்பணத் துண்டைக் காட்டி அந்தக் காணியைக் கேட்க முடியாது. ஆனால் தரகருக்கும் எமக்கும் உள்ள கூலிப் பேச்சுக்கு நொத்தாரிசு தேவையில்லை, சாதாரணக் கைக்கடிதம் போதும். கூலி எவ்வளவு, எப்போது கொடுப்பது, மறுபக்கத்தில் அவர் எவ்வளவு வாங்குகிறார், பேசியதற்கு மேல் விலையில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார் என்ற நான்கும் அதில் இருந்தால் சரி. கொடுப்பது உறுதி முடிந்த அன்றைக்கு. அதற்கு முன் பஸ் காசு, முச்சக்கர வண்டிக் காசு தவிர வேறு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை.

உறுதி முடிக்கும் நாளில் விற்பவரும் வாங்குபவரும் நொத்தாரிசின் ஒரே அறையில் இருப்பது மிகவும் முக்கியம். "அண்ணன், நீங்கள் வெளியில் இருங்கள், நான் காசைக் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று தரகர் சொன்னால் எழுந்து போக வேண்டாம். காசு தன் முன்னிலையில் கைமாறியதா இல்லையா என்று நொத்தாரிசு தன் அத்தாட்சியில் எழுதவேண்டியவர். விலையைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், விற்பவர் காதிலும் விழட்டும். பிறகு காசை மேசைமேல் வைத்து எண்ணுங்கள். தரகருக்குரியதை அங்கேயே தனியாகக் கொடுத்து, அவர் கையெழுத்தைக் கைக்கடிதத்தின் கீழே வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தின் ஒரு பிரதி அவரிடம், மற்றது உறுதியோடு சேர்த்து வீட்டுப் பெட்டியில்.