பேர் வெட்டிய தூக்கும் செதுக்கிய லைட்டரும்

எவர்சில்வர் தூக்கில் வெட்டிய பேர், கொடுத்தவர் வாங்கியவர் இருவருக்கும் நரைத்த பிறகும் வெள்ளையாகவே இருக்கிறது. மெட்டல் லைட்டரில் செதுக்கிய பூவோ சில மாதங்களிலேயே மஞ்சளிலிருந்து பழுப்புக்கு இறங்கிவிடுகிறது. மூடுபனி வந்து கவியும் ஏற்காட்டில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அடிவாரத்துச் சேலத்தில் கொஞ்சம் தாமதமாகும். கடையில் பார்க்கும்போது இரண்டும் ஒரே வெள்ளை நிறம்தான். இரண்டுக்கும் அந்த வெளுப்பைக் காப்பாற்றித் தருவதும் ஒரே தனிமம்தான்: குரோமியம். லைட்டரில் அது மேலே மட்டும் இருக்கிறது. தூக்கில் உள்ளே முழுக்க இருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டில் 1932இல் தொடங்கிய ஜிப்போ நிறுவனத்தின் லைட்டரைத்தான் செதுக்குபவர்கள் அதிகம் விரும்புகிறார்கள். அதன் கூடு பித்தளை. வெள்ளையாகத் தெரியும் ரகங்களில் மேலே குரோமிய முலாம். அலங்கார முலாம்களில் குரோமியத்தின் தடிமன் பொதுவாக ஒரு மைக்ரோமீட்டரைக்கூடத் தொடாது. கையால் செதுக்கும் கோட்டின் ஆழம் அதைப் போல நூறு மடங்கு. அதனால் உளி ஒரு முறை ஓடியதுமே முலாம் கிழிந்து பித்தளை எட்டிப் பார்க்கும். வெள்ளைத் தளத்தில் தங்கக் கோடு என்று அதை விளம்பரத்தில் புகழ்வார்கள். அது பழுப்பாகும் நாளைப் பற்றி விளம்பரம் பேசுவதில்லை. குரோமியம் மிகக் கடினமானது என்பதால் உளியின் முனையும் சீக்கிரம் மழுங்கும். விவரம் தெரிந்தவர்கள் முலாம் பூசாத பித்தளை லைட்டரையே கேட்டு வாங்குகிறார்கள்.

எவர்சில்வரில் நடப்பது வேறு. இந்தக் கட்டுரை எழுதப்படுவதே அதற்காகத்தான்.

பாலைக் காய்ச்சி ஆற வைத்தால் ஆடை படிகிறது. வழித்து எடுத்தால் இன்னொன்று படிகிறது. ஆடைக்கு வேண்டிய சரக்கு பாலுக்குள் எங்கும் கலந்திருப்பதுதான் காரணம். எவர்சில்வரும் அப்படிப்பட்ட பால். உளி பட்ட இடத்தில் புதிதாக வெளிவரும் குரோமிய அணுக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு உடனே சேர்ந்து ஓர் ஆடையைப் போர்த்திக்கொள்கின்றன. குரோமியம் ஏறக்குறைய 10.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது தண்ணீர் ஊற்றிய பால். ஆடை முழுதாக மூடாது. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்தது கெட்டிப் பால். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு ரகங்களில் குரோமியமும் பெரும்பாலும் சற்றுக் குறைவு; அது டீக்கடைப் பால். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல பாத்திரம் என்ற நம்பிக்கை இங்கே உதவாது, இந்த ரகத்திலும் காந்தம் ஒட்டாது. லைட்டரோ, வெந்நீரின் மேல் பக்கத்து வீட்டுப் பாலாடையைக் கொண்டுவந்து பரப்பியது போல. ஒரு முறை கிழிந்தால் கிழிந்ததுதான்.

இதற்கு மேல் இந்த உவமை தாங்காது. பாலாடை விட விடத் தடித்துக்கொண்டே போகும். எவர்சில்வரின் ஆடை இரண்டு மூன்று நானோமீட்டர் தடிமனில் நின்றுவிடுகிறது. ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் அதை இருபதாயிரம் அடுக்கு அடுக்கலாம். ஏன் நிற்கிறது? ஆக்சிஜன் அணுக்கள் ஆடையின் மேற்புறத்தில் அமர்ந்து, அடியிலுள்ள உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்களை இழுத்துக்கொள்கின்றன. மேலே எதிர்மின்னும் கீழே நேர்மின்னும் சேர்ந்து, இடையே சுமார் ஒரு வோல்ட் மின்னழுத்தம் உண்டாகிறது. ஒரு வோல்ட் அற்பம்தான். ஆனால் அது மூன்று நானோமீட்டர் இடைவெளியில் நிற்கிறது. அந்தக் கணக்கில் மின்புலம் மீட்டருக்கு முப்பது கோடி வோல்ட்டைத் தாண்டும்; காற்றில் மின்பொறி பறக்கப் போதுமான புலத்தைப் போல நூறு மடங்கு. இந்தப் புலம்தான் உலோக அயனிகளைப் பிடித்து மேலே இழுத்து ஆடையை வளர்க்கிறது. ஆடை வளர வளர அதே ஒரு வோல்ட் அதிகத் தடிமனில் பரவுவதால் இழுப்பு தளர்கிறது. ஒரு கட்டத்தில் அயனிகளை நகர்த்தவே தெம்பில்லாமல் போய்விடும். ஆடை தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்கிறது. இத்தனை மெல்லியதாக இருப்பதால் கண்ணுக்கும் தெரிவதில்லை. நாம் பார்ப்பது அதன் வழியே தெரியும் உலோகத்தைத்தான்.

பேர் வெட்டும் முறையையும் இந்த உலோகமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வெள்ளியும் பித்தளையும் உளிக்கு இளகி வழிவிடும். உளியின் அடிப்பக்கம் மெருகேறியிருந்தால் வெட்டின் சுவர் கண்ணாடி போல வரும்; திரும்பும்போதெல்லாம் ஒளியைச் சிதறடிக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுகளின் மினுமினுப்புக்கும் இப்படி வெட்டிய பட்டைகளே காரணம். எவர்சில்வர் அடி வாங்க வாங்க இறுகும். உளி ஓர் இடத்தில் தயங்கித் தேய்த்தால் அந்த இடம் கடினமாகி, அடுத்த வெட்டுக்கு மசியாது. எனவே ஓர் இடத்தில் ஒரே அடி, பிறகு அடுத்த புள்ளி. பாத்திரத் தகடு மெல்லியது என்பதும் ஆழ உழ முடியாததற்கு ஒரு காரணம். ‘ர்ர்ர்’ என்று அதிரும் மின்சார எழுத்தாணியும் இதே வேலையைத்தான் வேகமாகச் செய்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மின்காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை இழுப்பதால் முனை நொடிக்கு 100 முறை குத்துகிறது.

வரலாறு வேண்டுவோருக்குச் சுருக்கமாக: உலோகத்தில் எழுத்து வெட்டுவது தமிழகத்தில் செப்பேட்டுக் காலத்து வேலை. எவர்சில்வருக்கு வயது குறைவு; ஜெர்மனியின் குருப் நிறுவனம் 1912இலும் ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி 1913இலும் அதன் இரு வகைகளை உருவாக்கினார்கள். கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலை 1981இல் தகடு உருட்டத் தொடங்கியது. சேர்வராயன் மலையடிவாரத்து வெள்ளைக்கல் பூமியில் மேக்னசைட்டுக்குத் துணையாகக் கொஞ்சம் குரோமைட் தாதுவும் உண்டு. சேலத்துக் குரோமியமே சேலத்துப் பாத்திரத்தில் என்று பெருமை பேச அது போதாது. இந்தியக் குரோமைட்டில் பெரும்பங்கு ஒடிசாவின் சுகிந்தாவில் கிடைக்கிறது.

இப்போது எல்லாவற்றுக்கும் லேசர். ‘அழியவே அழியாது’ என்று விற்கிறார்கள். எவர்சில்வரில் லேசர் போடும் கறுப்பு எழுத்து, வெப்பத்தால் தடித்த ஆக்சைடு. அந்த வெப்பம் அடியிலுள்ள குரோமியத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடக்கூடும். அளவு தவறினால், துருவே பிடிக்காத பாத்திரத்தில் துருப்பிடிக்கும் ஒரே இடம் எழுத்தாக இருக்கும். ‘கைவேலை’ என்று விற்கும் லைட்டர்களையும் ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்துவிடுவது நல்லது. கையால் இழுத்த கோடு ஊசியாய்த் தொடங்கி, ஆழம் கூடும் இடத்தில் அகன்று, மறுபடி மெலியும். எந்திரத்துக் கோடு முதலிலிருந்து கடைசி வரை ஒரே அகலம்.

கையால் வெட்டிய பேரிலும் சில சமயம் செம்புள்ளி தோன்றும். அது பாத்திரத்தின் குற்றமல்ல. சாதாரண இரும்பு உளி விட்டுச்சென்ற துகள்கள்தான் அங்கே துருப்பிடிக்கின்றன. எலுமிச்சைச் சாறு தடவிச் சிறிது நேரம் விட்டுக் கழுவினால் போதும்; தொழிற்சாலைகளிலும் ஒட்டிய இரும்பை நீக்கச் சிட்ரிக் அமிலக் கரைசல் பயன்படுகிறது. இரும்பு நாரால் தேய்க்க வேண்டாம். அது மேலும் இரும்பைத்தான் கொண்டுவந்து சேர்க்கும்.