கொசு கடித்த பிறகு: செஞ்சிப் பையனின் உடம்புக்குள் ஓர் எட்டிப்பார்வை

மாலை ஆறரை மணி. செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வரப்பைத் தாண்டி விழுந்த பந்தை எடுக்கப் போன பத்து வயதுப் பையனின் கெண்டைக்காலில் ஒரு கொசு உட்காருகிறது. பட்டென்று அடிக்கிறான். தப்பித்துவிட்டது. பரபரவென்று சொறிகிறான், பந்தைப் பொறுக்குகிறான், ஓடுகிறான். ராத்திரி சோற்றில் கை வைக்கும்போது கொசு கடித்தது நினைவில்கூட இல்லை.

ஆனால் உள்ளே! அந்தக் கெண்டைக்காலின் தோலுக்கு அடியில் ஆரம்பித்துவிட்ட அமர்க்களத்தைப் பார்த்தால் வாய் பிளந்து நிற்போம். அடுத்த இரண்டு வாரமும் அவன் பள்ளிக்கூடம் போவான், தம்பியோடு சண்டை போடுவான், வீட்டுப்பாடம் எழுதாமல் திட்டு வாங்குவான். அவன் உடம்போ ராப்பகலாக வேலை செய்துகொண்டிருக்கும். வாருங்கள், அவனுக்குத் தெரியாமல் உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்தக் கொசு. க்யூலெக்ஸ் விஷ்ணுயி குழுவைச் சேர்ந்த பெண் கொசு என்று வைத்துக்கொள்வோம். தேங்கிய நெல்வயல் தண்ணீரில் பிறந்தது. செஞ்சி வட்டாரத்தில் அதற்கு வயலா பஞ்சம்? அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் குவியும் நெல் மூட்டைகளைப் பார்த்தாலே தெரியும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைமேல் ஏறி நின்றால் கோட்டைச் சுவருக்கு அப்பால் விரிந்து கிடப்பதும் அதே வயல்வெளிதான். வயலில் கொக்கும் நாரையும் இரை பொறுக்குகின்றன, ஊர்ப்புறத்தில் பன்றிகள் மேய்கின்றன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் (ஜே.இ) வைரஸ் இந்தப் பறவைகளுக்கும் பன்றிகளுக்கும் இடையே கொசு வழியாகப் போய்வந்துகொண்டிருக்கும். பன்றியின் ரத்தத்தில் அது ஏராளமாகப் பெருகும், பன்றியோ பெரும்பாலும் சும்மா இருக்கும். மாட்டைக் கடிப்பதில்தான் இந்தக் கொசுக்களுக்கு ஆசை அதிகம். நல்லவேளை, மாட்டுக்குள் வைரஸ் பெருகுவதில்லை. தொழுவத்து மாடுகள் தம்மை அறியாமலே நமக்குப் பெரிய உபகாரம் செய்கின்றன! மனிதனைக் கடிப்பது கொசுவுக்கு இடையில் நேர்கிற ஒரு காரியம். மனிதனிடமிருந்து வைரஸ் வேறு எங்கும் போகாது.

பெயரில்தான் ஜப்பான். நமக்கு இது பக்கத்து வீட்டுக்காரன். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், வேலூரில். 1958-இல் அங்கேயே, நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து வைரஸையும் பிரித்தெடுத்தார்கள். 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிவதற்கு முன்பு செஞ்சியும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காடு மாவட்டம், இந்த நோயை ஆராய்ந்தவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர்.

சரி, தோலுக்குள் போவோம். கொசு ஊசியை இறக்கும்போது கொஞ்சம் எச்சிலையும் விடுகிறது, ரத்தம் உறையாமல் இருக்க. அந்த எச்சிலோடுதான் வைரஸும் இறங்கியது. தோலில் குடியிருக்கும் மாஸ்ட் செல்கள் உடனே ஹிஸ்டமினை அள்ளி வீசுகின்றன. தடிப்பும் அரிப்பும் அதனால்தான். பையன் சொறிந்தானே, அந்த அரிப்பு கொசு செய்ததல்ல, அவன் உடம்பே செய்தது!

வைரஸ் தோலில் உள்ள செல் ஒன்றுக்குள் நுழைந்து தன் ஆர்.என்.ஏ-வை நகலெடுக்கத் தொடங்குகிறது. செல்லுக்குள்ளேயே இதைக் கண்டுபிடிக்கும் புரதங்கள் காத்திருக்கின்றன. நம் செல்லில் இருக்கக் கூடாத வடிவத்தில் ஆர்.என்.ஏ கண்ணில் பட்டதும் அவை செல்லை உசுப்ப, செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்த பொருள் இது. அது பக்கத்துச் செல்களைத் தொட்டதுதான் தாமதம், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சில வைரஸின் ஆர்.என்.ஏ-வை நறுக்கும். சில புரதத் தயாரிப்பையே நிறுத்திவைக்கும், வைரஸுக்கு உதிரிப்பாகம் கிடைக்காதபடி. மாட்டிக்கொண்ட செல் சாகப்போகிறது. அதற்குள் அக்கம்பக்கத்தை எல்லாம் எழுப்பிவிட்டுத்தான் சாகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

இதற்கிடையில் தோலில் கிளை விரித்துக் கிடந்த டென்ட்ரிடிக் செல்கள் வைரஸின் துண்டுகளை விழுங்கிவிட்டு இடத்தைக் காலி செய்கின்றன. எங்கே போகின்றன? நிணநீர் நாளங்கள் வழியாக மேலே, தொடையிடுக்குக்கு. காலில் புண் வந்தால் நம் பாட்டிமார் தொடையிடுக்கைத் தொட்டுப் பார்த்து, "நெறி கட்டியிருக்கு" என்பார்களே, அதே இடம். உடம்பு முழுக்க இப்படிச் சுமார் 600 நிணநீர்க் கணுக்கள் உண்டு.

நம் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தக் கணுதான். இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத இந்தக் கணுவுக்குள் வெள்ளையணுக்களான டி செல்களும் பி செல்களும் நெருக்கியடித்துக்கொண்டு நகர்கின்றன. ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு பிடி. ஒருவர் பிடி மற்றவருக்கு வராது. இந்த வைரஸின் துண்டைப் பிடிக்கக்கூடிய பிடி பல லட்சம் செல்களில் ஒன்றுக்குத்தான் இருக்கும். டென்ட்ரிடிக் செல் தான் கொண்டுவந்த துண்டை மேற்பரப்பில் ஏந்தி நிற்க, டி செல்கள் ஒவ்வொன்றாக வந்து உரசிப் பார்த்துவிட்டு நகர்கின்றன. மணிக்கு ஆயிரக்கணக்கில் வருகின்றன. பொருந்தவில்லை, அடுத்தது. பொருந்தவில்லை, அடுத்தது. எப்போதோ ஒன்று ஒட்டிக்கொள்கிறது! உடனே அது பருத்து, இரண்டாகி, நான்காகி, சில நாட்களில் ஆயிரக்கணக்காகப் பெருகுகிறது. கணு வீங்குகிறது. பாட்டி விரலில் தட்டுப்படுவது இந்தக் கூட்டம்தான்.

இத்தனை விதமான பிடிகள் எங்கிருந்து வந்தன? மனிதனின் மரபணுக்கள் மொத்தமே 20,000 சொச்சம். உலகில் இன்னும் உருவாகாத கிருமிக்கும் ஒரு பிடி தயாராக இருக்கிறதே, எப்படி? இதற்கு விடை கண்டவர் சுசுமு டொனேகாவா. 1976-இல் பாசெலில் அவர் காட்டியது, பி செல் வளரும்போது தன் டி.என்.ஏ-வையே வெட்டி ஒட்டுகிறது என்பதை. சில துண்டுகளை எடுத்து, இடையில் உள்ளதை வீசியெறிந்து, குத்துமதிப்பாகக் கோத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செல்லிலும் வேறு வேறு கோப்பு. சேர்க்கைகளைக் கணக்குப் பார்த்தால் கோடி கோடியாகப் போகும். அவருக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறந்தபோது வந்த டி.என்.ஏ-வை உடம்பே திருத்தி எழுதுகிறது என்றால் அதற்குமுன் யார் நம்பியிருப்பார்கள்!

குத்துமதிப்பாகக் கோத்தால் சொந்த உடம்பையே பிடிக்கும் பிடியும் வந்துவிடுமே என்று கேட்பீர்கள். வரும். அதற்காகத்தான் மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பியில் டி செல்களுக்குக் கடுமையான தேர்வு நடக்கிறது. சொந்தப் புரதத்தை இறுகப் பிடிப்பவை அங்கேயே சாக வேண்டும், எதையும் பிடிக்கத் தெரியாதவையும் சாக வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெளியே வருவதில்லை. அதையும் தப்பி வருபவற்றை அடக்கிவைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனி வகையே இருக்கிறது. அதைக் கண்டறிந்த சகாகுச்சி, பிரங்கோவ், ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது.

கணுவின் இன்னொரு மூலையில் பி செல்களின் பயிற்சிக்கூடம். பொருந்திய பி செல்கள் பெருகும்போது, பிடிக்கான மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளைச் செய்துகொள்கின்றன. பெரும்பாலான பிழைகள் பிடியைக் கெடுத்துவிடும், அந்தச் செல் சாகும். ஏதோ ஒன்றிரண்டு முன்பைவிட நன்றாகப் பிடிக்கும். அதற்கு மட்டும் டி செல்லின் தயவு கிடைக்கும், அது மறுபடி பெருகும், மறுபடி பிழை செய்யும். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு காட்டில் யுகக்கணக்கில் நடக்கும். இங்கே பையனின் தொடையிடுக்கில் இரண்டே வாரத்தில் நடக்கிறது!

ஆனால் இந்த மெருகேற்றம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால் முதல் வாரத்திலேயே ஐ.ஜி.எம் என்ற ஆன்டிபாடி ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. பிடி அவ்வளவு இறுக்கமில்லை, ஆனால் ஒரு மூலக்கூறுக்குப் பத்துப் பிடிகள். பின்னால் ஐ.ஜி.ஜி வரும். அதற்குப் பிடிகள் இரண்டுதான், ஆனால் பயிற்சிக்கூடத்தில் தேறியவை. ஆன்டிபாடி என்பது பி செல்லின் பிடி தனியே பிரிந்து வருவதுதான். அதைச் சுரப்பதற்கென்றே பி செல் மாறிய வடிவமான பிளாஸ்மா செல் நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை வெளியே தள்ளும். வைரஸ் மேல் அவை மொய்த்துக்கொண்டால் அதனால் செல்லுக்குள் நுழைய முடியாது. வைரஸ் ஏற்கெனவே நுழைந்துவிட்ட செல்களை, கொல்லும் வகை டி செல்கள் பார்த்துக்கொள்கின்றன.

ஏன் இவ்வளவு அவசரம்? காரணம் மேலே இருக்கிறது, மண்டைக்குள்.

ராஜகிரிக் கோட்டையில் ஏறியவர்களுக்குத் தெரியும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கும். ஏறத்தாழ 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் அதன்மேல் ஒரு மரப்பாலம், வேண்டாதவர் வந்தால் எடுத்துவிடலாம். 1690-இல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்குச் செஞ்சி கைவசமாக 1698 ஆகிவிட்டது. மூளையும் அப்படித்தான் தன்னைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் ரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்களுக்கு இடையே கசிய வழியுண்டு. மூளையில் அவை ஒன்றோடொன்று இறுகத் தைக்கப்பட்டிருக்கும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு குறைவாக, எவ்வளவு கொஞ்ச நேரம் இருக்கிறதோ, அந்தத் தடையைத் தாண்டும் வாய்ப்பும் அவ்வளவு குறைவு. கெண்டைக்காலிலும் தொடையிடுக்கிலும் நடந்த அத்தனை அவசரமும் இதற்குத்தான்.

இப்போது கேளுங்கள், நான் மூச்சுவிடாமல் சொல்லக் காத்திருந்த செய்தியை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்த வைரஸ் தொற்றும் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையான நோய் வருகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் காய்ச்சல், தலைவலி, அல்லது ஒன்றுமே இல்லை! மதுரையில் இருந்த ஐ.சி.எம்.ஆர் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் தென்னாற்காட்டுக் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தார்கள். படுக்கையில் விழாத, ஆஸ்பத்திரிப் படி ஏறாத பிள்ளைகளின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தது. வைரஸ் வந்திருக்கிறது, கணு வீங்கியிருக்கிறது, கோடிக்கணக்கான செல்கள் பிறந்து செத்திருக்கின்றன. அம்மாவுக்குத் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

ஆனால் 250-இல் அந்த ஒருவரை மறந்துவிட்டு நான் துள்ள முடியாது. தடையைத் தாண்டி வைரஸ் மூளைக்குள் போய்விட்டால் கடும் காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு. வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் 30 சதவீதம் பேர்வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் முடங்குவதோ, பேச்சு போவதோ, படிப்பு ஏறாமல் போவதோ நேர்கிறது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் குழந்தைகள். 250-இல் ஒன்று என்பது கேட்கச் சிறிய எண். மழைக்காலத்துக்கு மழைக்காலம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கொசு கடிக்கும் ஊரில் அது சிறிய எண்ணே அல்ல.

அதனால்தான் விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஜே.இ தடுப்பூசி வழக்கமான அட்டவணையிலேயே இருக்கிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. புதன்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்னறையை எட்டிப் பாருங்கள். பனிக்கட்டிச் சுவர் கொண்ட குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்துக் குப்பிகள். காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்துவைக்கும் நோட்டு. குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சதுரம்: சூடு பட்டால் சதுரம் கருத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. உயிருள்ள வகைத் தடுப்பூசி பொடியாக வரும், கரைத்த பின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். நம் நாட்டிலேயே உருவான இன்னொரு வகையும் இருக்கிறது. கர்நாடகத்தின் கோலாரில் கிடைத்த வைரஸைக் கொண்டு செய்தது, 2013-இல் வெளிவந்தது. அதில் வைரஸ் செத்துப்போனது.

எதைப் போட்டாலும் உள்ளே நடப்பது நாம் பார்த்த அதே அமர்க்களம்தான், ஆபத்து மட்டும் கிடையாது. டென்ட்ரிடிக் செல் அதே துண்டை ஏந்தி நிற்கும், அதே பல லட்சத்தில் ஒன்று ஒட்டிக்கொள்ளும், அதே எழுத்துப் பிழைகள் நடக்கும். எல்லாம் முடிந்ததும் பெரும்பாலான செல்கள் செத்துவிடும். சில மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும், சில பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜைக்குப் போய் ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். இரண்டாவது ஊசி ஏன்? முதல் ஊசியில் பிறந்த நினைவுச் செல்கள் அப்போது மறுபடி பயிற்சிக்கூடத்துக்குள் போகும், இன்னும் இறுக்கமான பிடியோடு வெளியே வரும். அதனால்தான் முதல் ஊசி போட்டாயிற்றே என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது என்று நர்சம்மா வீடு தேடி வருகிறார்.

ஊசி போட்டுக்கொண்ட குழந்தையோடு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். அந்த அரை மணியில் தாய்மார் எல்லாரும் கேட்கும் கேள்வி, "காய்ச்சல் அடிக்குமாம்மா?" என்பது. லேசாக அடிக்கலாம். தோலிலும் கணுவிலும் கிளம்பும் ரசாயனங்கள் மூளையின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் மேலே தள்ளுவதால் வருவது அது. அடிக்காமலும் போகலாம். அப்போதும் கணுவுக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.