மேட்டில் மண் காப்போர்க்கு ஊதியம்

கங்சார் ஆறு பேராக் ஆற்றுடன் கலக்கும் இடம் கோலா கங்சார். பெருமழை பெய்த மறுநாள் ஆற்றங்கரையில் நின்று பார்த்தால், வெள்ளம் செம்மண் நிறத்தில் ஓடுவதைக் காணலாம். அந்த நிறம் மேட்டு நிலங்களிலிருந்து கரைந்து வந்த மேல்மண்ணின் நிறமாகும். மரத்துக்கும் பயிருக்கும் வேண்டிய சத்தில் பெரும்பகுதி அந்த மெல்லிய மேல்மண்ணிலேயே அடங்கியுள்ளது. அதனை இழக்கும் நிலம் வளம் குன்றுகிறது; அதனைச் சுமக்கும் ஆறு தூர்ந்துபோகிறது.

இவ்விரு இழப்புகளையும் தடுப்பதற்காக, மேட்டு நிலத்தில் மண்ணையும் மழைநீரையும் காப்போருக்கு, ஆற்றின் பயனைத் துய்ப்போர் ஊதியம் வழங்கும் முறை பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. அம்முறை எத்தகையது, அதில் நம்மைப் போன்ற உழைப்பாளருக்கு என்ன பங்கு என்பதை இங்குக் காண்போம்.

மண் எவ்வாறு கரைகிறது?

வெறும் தரையில் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த துகள்கள் தரையின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. உள்ளே இறங்க வழியில்லாத நீர் சரிவில் ஓடத் தொடங்கி, மண்ணையும் வாரிச் செல்கிறது. தரையில் சருகோ கொடியோ படர்ந்திருந்தால் துளியின் வேகம் தணிகிறது. நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. அவ்வாறு இறங்கிய நீரே வறண்ட மாதங்களில் ஊற்றாகவும் ஓடையாகவும் வெளிப்படுகிறது. ஆகவே, மண்ணைக் காப்பதும் மழைநீரைக் காப்பதும் ஒரே வேலையே.

இதனை ரப்பர்த் தோட்டங்கள் பட்டறிவால் உணர்ந்தன. 1877-இல் கோலா கங்சாரில் 9 ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்க் குன்றுகள்தோறும் தோட்டங்கள் எழுந்தன. ஒரு புல்லும் இல்லாதபடி களையெடுப்பதே நல்ல நிர்வாகம் என்று அக்காலத்தில் கருதப்பட்டது. நம் முன்னோர் நாள் முழுதும் குனிந்து சுத்தம் செய்த அந்நிலத்தின் மண்ணை அடுத்த மழை அடித்துச் சென்றது. 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. காலப்போக்கில் பியூரேரியா, சென்ட்ரோசீமா முதலிய பயற்றினக் கொடிகளைப் படரவிடுதல், சரிவுக்குக் குறுக்கே படிகள் வெட்டுதல், மண்ணைத் தேக்கும் குழிகள் தோண்டுதல் ஆகியவை தோட்ட வேலையின் பகுதியாயின.

உழைப்பு ஒருவருடையது, பயன் வேறொருவருடையது

கோலா கங்சாருக்கு வடக்கே, பேராக் ஆற்றின் குறுக்கே 1930-இல் செண்டரோ அணை கட்டி முடிக்கப்பட்டது. அதற்கும் மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனரிங் அணைகள் பின்னர் எழுந்தன. இத்தகைய அணைகளில் வண்டல் சேரச் சேர, நீர் தங்கும் இடம் சுருங்குகிறது. குடிநீர் நிலையங்களில் கலங்கல் மிகும்போது தெளிவிக்கும் செலவு ஏறுகிறது. ஆற்றுப்படுகை உயர்ந்தால் வெள்ளம் எளிதில் கரை புரளும். 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைக் கண்ட பேராக் கரையினருக்கு வெள்ளத்தின் தன்மையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இங்கு ஒரு நியாயம் எழுகிறது. படி வெட்டுவதும் கொடி வளர்ப்பதும் மேட்டிலுள்ள சிறு விவசாயிக்குச் செலவாகும். அதன் பயனில் பெரும்பங்கை அடைவோரோ கீழேயுள்ள நகரத்தாரும், ஆலைகளும், மின்நிலையங்களும் ஆவர். செலவு ஒருபுறமும் பயன் மறுபுறமுமாக இருக்கையில், அறிவுரை மட்டும் கூறினால் வேலை நடவாது.

அண்டை நாட்டில் கண்ட வழி

இந்தோனேசியாவின் பந்தென் மாநிலத்தில் சிடானாவ் ஆறு சிலகோன் தொழிற்பேட்டைக்கு நீர் வழங்குகிறது. அந்நீரை விநியோகிக்கும் கிரக்காத்தாவ் தீர்த்தா நிறுவனம், 2005 முதல் மேற்புற விவசாயிகளுக்குப் பணம் வழங்கத் தொடங்கியது. ஹெக்டருக்கு 500 மரங்களை ஐந்தாண்டுகள் காத்து வளர்த்தால், ஆண்டுதோறும் ஹெக்டருக்கு 12 லட்சம் ரூப்பியா தரப்படும் என்பது ஒப்பந்தம். விவசாயிகள் குழுவாகவே அதில் சேர்ந்தனர். குழுவில் ஒருவர் மரத்தை வெட்டினாலும் குழு முழுவதும் தொகையை இழக்க நேரிடும். எனவே ஒருவர் நிலத்தை மற்றவரும் கண்காணித்தனர்.

நிலமில்லாதவருக்கும் பங்கு

இந்தியாவில் சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரின் வரலாறு இதனினும் சிந்திக்கத்தக்கது. சண்டிகார் நகரத்துக்காக 1958-இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி விரைவாகத் தூர்ந்தது. 1970-களில் மண்வள ஆய்வாளர் பி. ஆர். மிஸ்ரா குழுவினர் வண்டலின் தடத்தைத் தேடி மலையேறினர். ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய சுகோமாஜ்ரிக் குன்றுகளை அங்கே கண்டனர். வறுமையால் மேய்ப்போரைத் தடையால் நிறுத்த முடியாது என்பதை உணர்ந்து, 1976-இல் அவ்வூருக்கே ஒரு சிறு மண்ணணை கட்டித் தந்தனர். மழைநீர் தேங்கிப் பாசனத்துக்கு வந்தது. குன்றை மேய்ச்சலிலிருந்து காத்தால் அணை தூராது, பாசனமும் நிலைக்கும் என்பதை ஊரார் கண்டுகொண்டனர்.

ஆனால் நிலமுள்ளவருக்கு மட்டுமே நீர் பயன்பட்டால், நிலமற்ற குடும்பம் ஏன் மேய்ச்சலைக் கைவிட வேண்டும்? ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமமான நீர்ப்பங்கு வகுக்கப்பட்டது. நிலமில்லாதவர் தம் பங்கைப் பிறருக்குக் கொடுத்து ஈடு பெறலாம். அதன்பின் ஊராரே குன்றுகளுக்கு வேலியாயினர். குன்றுகளில் புல்லும் மரமும் மீண்டன. மண்ணரிப்பும் பெரிதும் குறைந்தது.

நம் நாட்டில்

இவ்வெண்ணம் நமக்கு முற்றிலும் புதியதன்று. 1952-இல் அமைந்த மறுநடவு நிதி, ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது விதிக்கப்பட்ட வரியைக் கொண்டு, மறுநடவு செய்தோருக்கு உதவியது. பின்னர் 1973-இல் தோன்றிய ரிஸ்டா, சிறுதோட்டக்காரர்களுக்கு மறுநடவு உதவியைத் தவணைகளாக வழங்கி வந்தது. வேலையைச் செய்தவருக்குப் பொதுநிதியிலிருந்து கொடுப்பது நம் தொழிலில் பழகிய வழியே.

2019 முதல் கூட்டரசு, காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்குச் சுற்றுச்சூழல் நிதி வழங்கி வருகிறது. அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு 6 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. இது மாநில அரசுகளுக்குச் செல்லும் நிதியாகும். சரிவில் நிற்கும் சிறுதோட்டக்காரரையும், அவர் நிலத்தில் மண்வெட்டி பிடிக்கும் கூலியாளையும் இது போன்ற உதவி எட்டும்போதே ஆற்றுக்கு முழுப்பயன் கிட்டும்.

சுகோமாஜ்ரி நமக்கு உணர்த்துவது இதுவே. தோட்டத்தில் படி வெட்டியதும், குழி தோண்டியதும், கொடி நட்டதும் பெரும்பாலும் நிலமில்லாதோரின் கைகளே. இனி இந்நாட்டில் இத்தகைய திட்டம் வகுக்கப்படுமாயின், தொகை நில உரிமைச் சீட்டைப் பார்த்து மட்டும் வழங்கப்படலாகாது. செய்த வேலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இதனை இப்பொழுதே எண்ணிப் பார்ப்பது நலம்.

அதுவரை நம்மால் இயன்றதும் உண்டு. வீட்டுத் தோட்டமோ சிறு நிலமோ உள்ளவர்கள் சருகை எரிக்காமல் தரையில் பரப்பலாம். சரிவுக்குக் குறுக்கே வரப்பிடலாம். ஓடைக்கரைப் புல்லை வெட்டாமல் விடலாம். இவற்றுக்குச் செலவு மிகுதியில்லை. மேட்டில் நின்ற மண் நம்முடையது. ஆற்றில் கரைந்த மண் எவருக்கும் உரியதன்று.