வீடு போன பிறகு வந்த பணம்



லயத்தில் ஒரு வீடு காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். முதலில் கதவு போகும், பிறகு கூரைத் தகரம் போகும், கடைசியில் பாம்பு குடியேறும். பணக்கார நாடாம் அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது.

கிளீவ்லாந்து நகரில் ஸ்லாவிக் வில்லேஜ் என்று ஒரு வட்டாரம். செக், போலந்து நாடுகளிலிருந்து நம்மைப்போல் கடல் கடந்து வந்து, இரும்பாலைகளில் உழைத்தவர்கள் உருவாக்கிய இடம். அமெரிக்காவில் அப்போது ஏழைகளுக்குக் கொடுத்த வீட்டுக்கடன் பலவற்றில் முதல் இரண்டு ஆண்டுக்கு வட்டி குறைவு, பிறகு ஏறிவிடும். ஏறியதும் தவணை கட்ட முடியாமல் குடும்பங்கள் வெளியேறின. காலி வீடுகளில் செப்புக்குழாயைக்கூடத் திருடர்கள் விடவில்லை. ஒழுங்காகத் தவணை கட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரனின் வீட்டுக்கும் விலை விழுந்தது!

2008 ஜூலையில் அமெரிக்க அரசாங்கம் சட்டம் போட்டு 392 கோடி டாலர் ஒதுக்கியது. 2009இல் 200 கோடி, 2010இல் 100 கோடி என மேலும் கொடுத்தது. மாநிலங்களும் நகராட்சிகளும் அப்பணத்தில் காலி வீடுகளை வாங்கி, பழுது பார்த்து விற்றன, வாடகைக்கும் விட்டன. தேறாத வீடுகளை இடித்தன. கால் பங்குப் பணமாவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கே சேரவேண்டும் என்றும் விதி இருந்தது. இதை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் தோழர்களே, பறிபோகும் நிலையில் இருந்த வீட்டைக் காப்பாற்ற அந்தப் பணத்தைத் தொடக்கூடாது! தெருவுக்குத்தான் உதவி, வீட்டை இழந்தவனுக்கு இல்லை. அந்த வீட்டைப் புதிதாக வாங்க வந்தவருக்கோ, கடன் பற்றி எட்டு மணி நேர ஆலோசனை கட்டாயம். அந்த எட்டு மணி நேரம் முதலிலேயே கிடைத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்?

தோட்டத்தை விட்டுத் தாமானில் வீடு வாங்கும் நம் பிள்ளைகளுக்கும் இதுதான் பாடம். தவணை தவறினால் இங்கேயும் லெலோங்தான். “கையெழுத்துப் போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஏஜெண்டு சொன்னால் நம்பிவிடாதீங்க. வட்டி மாறுமா, ஏறினால் தவணை எவ்வளவு என்று கேளுங்க. மழை பெய்து பால்மரம் சீவ முடியாத மாதத்திலும் கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்க.

கஷ்டம் வந்துவிட்டால் வங்கிக் கடிதத்தை அலமாரியில் ஒளிக்கவேண்டாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே இலவசமாக ஆலோசனை சொல்கிறது. கடிதம் புரியவில்லையா? கூச்சப்படாமல் சங்கக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.