ஆறாம் வட்டாரத்து நூதனசாலை

நூதனசாலை என்றதும் நம் மனக்கண்முன் வருவன அரசர்தம் வாளும் முடியும், பழைய சிலைகளும், மண்ணில் அகழ்ந்தெடுத்த நாணயங்களுமே. தையற்காரரும் மீன் வியாபாரிகளும் துறைமுகத் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்த ஒரு நகர வட்டாரத்துக்கெனத் தனியே ஒரு நூதனசாலை உண்டென்றால், அங்கே காட்டுதற்கு யாதுளது என்று வினவத் தோன்றும். தென்னாபிரிக்காவின் கேப்ரவுன் நகரிலுள்ள ஆறாம் வட்டார நூதனசாலை அவ்வினாவுக்குத் தக்க விடையாகும்.

மேசை மலையின் அடிவாரத்தில், துறைமுகத்துக்கு அணித்தாய் அமைந்த இப்பகுதி 1867ஆம் ஆண்டில் நகரின் ஆறாவது வட்டாரமென வகுக்கப்பட்டது. எண்ணிட்ட அப்பெயரே பின்னர் அதன் ஊர்ப்பெயராய் நிலைத்தது. விடுதலைபெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்கள், கைவினைஞர், கூலியாட்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர், ஆபிரிக்கர், இந்தியர் எனப் பலரும் ஈண்டு அயலவராய் வாழ்ந்தனர். நம்மவர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தியொன்றும் உண்டு. 1652இல் கேப்பிற் குடியேற்றம் அமைத்த அதே ஒல்லாந்தக் கம்பனியே 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் கைப்பற்றியது. அக்கம்பனி அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுசென்றோருள் வங்கம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிற் பிறந்தோரும் இருந்தனர்.

இவ்வட்டாரத்தை மாற்றியது காலமன்று, சட்டமே. 1901இல் கொள்ளைநோயைக் காரணங்காட்டி ஆபிரிக்கர் பலர் நகர்ப்புறத்துக்கு அப்பால் அகற்றப்பட்டனர். 1950இல் இனவாரியாக வாழிடங்களைப் பிரிக்கும் சட்டம் வந்தது. அதன்கீழ், 1966 பெப்ரவரி 11ஆம் நாள், ஆறாம் வட்டாரம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சேரிகளை ஒழிப்பதே தம் நோக்கமென ஆட்சியாளர் கூறினர். நெரிசலும் பழுதுபார்க்கப்படாத வாடகை வீடுகளும் அங்கு இருந்தமை உண்மையே. ஆயின் வீட்டைத் திருத்துவதற்குக் குடியிருப்போனை நாடுகடத்துவது போல விரட்டுதல் எந்நூலிற் கூறிய வைத்தியமோ யாமறியோம். 1982 அளவில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நகருக்கு வெளியே மணற்பாங்கான சமவெளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. தேவாலயங்களும் பள்ளிவாசல்களுமே பெரும்பாலும் எஞ்சின. வெறுமையான நிலத்தின் ஒரு பகுதியில் தொழினுட்பக் கல்லூரியொன்று எழுந்தது. ஏனையதில் நெடுங்காலம் புல்லே வளர்ந்தது.

1994 டிசம்பரில், பழைய மெதடிஸ்த தேவாலயமொன்றில் இந்நூதனசாலை திறக்கப்பட்டது. முதலில் வைத்தது வீதிகளைப் பற்றிய ஒரு கண்காட்சி; சில கிழமைகளுக்கென வைத்தது, மக்கள் வரவு குறையாமையால் நிலைத்துவிட்டது. தேவாலயத்தின் தரை முழுதும் அழிந்த வட்டாரத்தின் படம் கையால் தீட்டப்பட்டுள்ளது. அங்கு முன்பு வாழ்ந்தோர் குனிந்து தம் வீடிருந்த இடத்தைத் தேடிக் கண்டு, தம் குடும்பப் பெயரைத் தம் கையாலேயே எழுதினர். மேலே தொங்குவன பழைய வீதிப் பெயர்ப்பலகைகள். இடித்த கல்லோடும் மண்ணோடும் இவை கடலிற் கொட்டப்படவேண்டியவை. இடிப்பு வேலையைச் செய்தோருள் ஒருவரே இவற்றைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்து பின்னர் கொடுத்தார். அவர் ஏன் வைத்திருந்தார் என்பதை ஆராயப் புகின் அதுவே தனிக் கட்டுரையாகும். வெள்ளைத் துணிச் சுருளொன்றும் உண்டு. வந்தோர் அதிற் பெயரும் செய்தியும் எழுத, எழுத்து மங்காதவாறு பின்னர் அவற்றின்மேல் நூலால் தைத்துள்ளனர்.

ஏனைய நூதனசாலைகளில் "தொடாதே" என்ற அறிவித்தல் இருக்கும். இங்கோ பார்க்க வந்தவரே காட்சிப்பொருளை ஆக்குகின்றார். இவ்வேறுபாட்டையே நாம் இதன் தலையாய சிறப்பென மதிக்கின்றோம்.

எனினும் நினைவு என்பது இனிப்பையே நாடும் இயல்பினது. வட்டாரத்தை ஒற்றுமையும் இசையும் நிறைந்த பொன்னுலகாகக் காட்டி, வறுமையையும் வன்முறையையும் மறந்துவிடும் அபாயம் இங்கு உண்டு. முன்னரே அகற்றப்பட்ட ஆபிரிக்கரின் கதை ஏனையோர் கதையில் மறைந்துபோதலும் எளிது. 2000ஆம் ஆண்டில் அமைத்த விரிவான காட்சியில் இவை கருத்திற்கொள்ளப்பட்டன. அங்கு வாழ்ந்த ஆபிரிக்கப் பெண்மணியான நொம்வுயோ இங்செல்வானே அவர்களின் அறை அங்கே மீள அமைக்கப்பட்டுள்ளது. உணவும் உறக்கமும் விருந்தும் படிப்பும் அனைத்தும் ஓரறையிலேயே நடந்த குடும்பத்தின் வாழ்வு அது. அவ்வறையைக் கண்டபின் அக்கால நெருக்கடியை எவரும் மறுக்கவியலாது.

இந்நூதனசாலைக்கு மற்றுமொரு பயனுமுண்டு. பறித்த நிலங்களை மீட்டளிக்கும் சட்டம் 1994இல் நிறைவேறியபோது, உரிமைகோரல்களை 1998 முடிவுக்குள் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. எந்த ஒழுங்கையில் எந்த வீடு, அயலவர் யார் என்ற விவரங்கள் அப்போது வெறும் நினைவாக மட்டுமன்றிச் சான்றாகவும் வேண்டப்பட்டன. 2004 பெப்ரவரி 11ஆம் நாள், பிரகடனத்தின் முப்பத்தெட்டாவது ஆண்டு நிறைவன்று, எண்பது வயது கடந்த முதியவர் இருவருக்குப் புதிய வீடுகளின் திறப்புகளை நெல்சன் மண்டேலா கையளித்தார். அதன்பின் வீடமைப்பு மிக மெதுவாகவே நடந்தது. உரிமை கோரிய பலர் காத்திருந்தபடியே காலமாயினர். அவர்களுட் சிலரின் பெயர்கள் தேவாலயத் தரையிலே, தத்தம் வீதியின் ஓரத்தில், அவர்தம் கையெழுத்திலேயே இருக்கின்றன.