கடல் எல்லையும் அணுக் கடிகாரமும்

பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் கடலுக்குச் செல்லும் நம் மீனவர் முன்னாளில் விடிவெள்ளியையும் கலங்கரை விளக்கையும் நம்பினர். இன்று படகில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. படகு நிற்கும் இடத்தை அது காட்டுகிறது. ஆனால், உண்மையில் அக்கருவி அளப்பது காலத்தையே! இஃது எங்ஙனம் என்று காண்போம்.

ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தத்தம் நேரத்தை வானொலி அலைகள் வழியே இடைவிடாது அறிவிக்கின்றன. அவ்வலைகள் விநாடிக்கு 3,00,000 கி.மீ. விரைபவை. புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். இதற்கு நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். மூன்று போதாதா எனில், படகிலுள்ள கடிகாரம் மலிவானது. அதன் பிழையைத் திருத்தவே நான்காவது. விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரம் 300 மீட்டர் தவறும்.

ஊசலும் சுருள்வில்லும் இத்துணை நுட்பத்திற்கு உதவா. இங்கேதான் குவாண்டம் கொள்கை வருகிறது. மாடிப்படி ஏறுபவர் முதற்படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். இடையில் நிற்க இயலாது. அணுவின் ஆற்றலும் அவ்வாறே படிப்படியாய் அமைந்தது. ஒரு படியிலிருந்து மறுபடிக்குத் தாவ, அதற்கே உரிய அதிர்வு கொண்ட அலை தேவை. சீசியம் அணுவில் குறிப்பிட்ட ஒரு தாவலுக்கு அது விநாடிக்கு 9,19,26,31,770 அதிர்வுகள். எவ்விடத்துச் சீசியமும் இதில் ஒன்றே. எனவே 1967ஆம் ஆண்டு விநாடிக்கே இதனைக் கொண்டு இலக்கணம் வகுத்தனர். சூரியனிடமிருந்த பொறுப்பு அணுவிடம் வந்தது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. பழுதற்ற அக்கடிகாரங்களும் விண்ணில் நாளொன்றுக்கு, விநாடியின் பத்து இலட்சத்தில் 38 பங்கு முந்துகின்றன. விரைந்து செல்வதால் 7 பங்கு பிந்தும். அங்குப் பூமியின் ஈர்ப்புக் குறைவாதலால் 45 பங்கு முந்தும். கடிகாரத்தில் கோளாறில்லை; காலமே அங்கு வேறு வேகத்தில் ஓடுகிறது. காலம் எங்கும் சீராகச் செல்வது என்றார் நியூட்டன். அன்று என 1905லும் 1915லும் காட்டினார் ஐன்ஸ்டீன். காலம் யாதெனப் புனித அகுஸ்தீனார் திகைத்தது வீணன்று!

இவ்வேறுபாட்டைத் திருத்தாவிடில் தூரக் கணக்கில் நாளொன்றுக்கு 11 கி.மீ. பிழை சேரும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இருப்பதோ ஏறத்தாழ 30 கி.மீ.தான். 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை வகுத்த எல்லை இக்கடலில்தான் செல்கிறது. அங்கே வேலியுமில்லை, எல்லைக் கல்லுமில்லை. தாண்டியவர்க்குச் சிறை, படகும் போய்விடலாம். தாண்டுவோர் யாவரும் வழி தவறியவரே என்று நாம் கூறவில்லை. மீனைத் தேடித் தெரிந்தே செல்வோரும் உளர். எனினும், இருளில் வலை இழுப்பவர்க்குத் தாம் எப்புறம் நிற்கிறோம் என்று சொல்பவை அக்கருவியின் எண்களே.

நம் நாட்டு 'நாவிக்' அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013இல் ஏவப்பட்டது. 2016இல் அதன் மூன்று ருபீடியம் அணுக் கடிகாரங்களும் செயலிழந்தன. அவை அயல்நாட்டில் செய்தவை. கடிகாரங்கள் நின்றதும் இடங்காட்டும் பணியும் நின்றது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில், நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் முதன்முறையாக விண்ணுக்குச் சென்றது.