கீலுக்குள் அறுந்த இழை

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஊடை அறுந்ததும் விசைத்தறி தானாக நின்றுவிடும். நின்ற தறியின் மோட்டாரை யாரும் கழற்றப் போவதில்லை. முதலில் நூலைத்தான் பார்ப்பார்கள். காரில் சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை என்றால் மட்டும் ‘மோட்டார் போச்சு, மாத்திடலாம்’ என்ற தீர்ப்பு முந்திக்கொண்டு வருகிறது. காரிலும் நூலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இங்கே நூல் என்பது கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கீல் பக்கத்தில், மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் ஓடும் வயர்.

எந்தக் கதவு, எப்போது மக்கர் செய்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ரிமோட்டுக்கு அசையாத கதவுகள் ஓட்டுநர் கதவைப் பூட்டியதும் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டால், ரிமோட்டுக்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாலு கதவும் ஊமையென்றால் ஃப்யூஸ். வெளியே வாங்கிப் பொருத்தும் சென்ட்ரல் லாக்கில், ஓட்டுநர் கதவு மோட்டாருக்குப் பொதுவாக 5 வயர், மற்றவற்றுக்கு 2. அந்தக் கூடுதல் மூன்றும் கட்டளை சொல்லும் சுவிட்சுக்கானவை. பூட்டிய மறுகணமே எல்லாம் திறந்துகொள்கிறதா? ஓட்டுநர் கதவில் அந்தச் சுவிட்ச் முழுதாகத் திரும்பாமல் ‘இன்னும் திறந்தே இருக்கிறது’ என்று பொய் சொல்கிறது என்று கொள்ளலாம். ஒரே ஒரு கதவு முரண்டு பிடித்தால் அதன்மேல் காதை வைத்துக் கேட்க வேண்டும். மெலிதாக ஒரு முனகல் கேட்டால் மின்சாரம் வருகிறது. மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது பூட்டு எண்ணெய் காணாமல் இறுகியிருக்கலாம். சத்தமே இல்லையென்றால் வயர் பக்கம் போக வேண்டியதுதான்.

ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அந்த வயர் வளைந்து நிமிர்கிறது. வருஷக்கணக்கில் வளைந்தால், மேலுறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். இதைக் கண்டுபிடிக்கக் கதவைப் பாதி திறந்து, ரப்பர் உறையைக் கையால் அசைத்தபடி லாக் பட்டனை அழுத்திப் பார்த்தால் போதும். ஒரு கோணத்தில் லாக் விழுந்து இன்னொரு கோணத்தில் விழாமல் போனால் ஒடிவு அங்கேதான். இந்த இடத்தில் டிஜிட்டல் மீட்டரைவிட எலக்ட்ரீஷியன் கையிலிருக்கும் சாதாரண டெஸ்ட் லேம்ப்தான் நம்பகமானது. லாக்குக்கு மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாகவே வந்து போகும். மீட்டர் எண்ணைக் காட்டுவதற்குள் அது முடிந்துவிடும். தவிர, ஒற்றை இழையில் தொங்கும் வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும். பல்பு அவ்வளவு எளிதில் ஏமாறாது, மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கக் கூடும்.

‘இப்போதெல்லாம் ஸ்கேனர் இருக்கிறதே’ என்பார்கள். ஸ்கேனர் கோளாறு எந்தக் கதவின் சர்க்யூட்டில் என்று சொல்லலாம்; ஒடிந்தது வயரா, பிளக்கா, மோட்டாரா என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. வெளியே பொருத்திய செட்டுக்கு அதனிடம் பதிலே இருக்காது. வயரைத் தேடும் நேரத்தில் மோட்டாரையே மாற்றிவிடலாமே என்ற மெக்கானிக்கின் வாதத்தில் நியாயம் உண்டு, மோட்டார்தான் போயிருந்தால். வயர் போயிருந்தால் புது மோட்டாரும் சும்மாதான் கிடக்கும்; கதவின் உள்பலகையைக் கழற்றியதில் நாலு கிளிப் உடைந்ததுதான் மிச்சம். ‘லாக் தானே, சாவியால் பூட்டிக்கொள்ளலாம்’ என்பதும் எனக்கு ஒப்பாது. மின்சாரம் போனாலும் உள்ளே இருப்பவர் கையால் கதவைத் திறக்க வழி இருக்க வேண்டும் என்று, 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் வரும் புதுக் கார்களுக்கு அரசு விதித்திருக்கிறது. அதற்கு முந்தைய கார்கள் இன்னும் சாலையில் ஓடுகின்றன; அவற்றில் லாக் மக்கர் செய்தால் உள்ளே இருப்பவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

ஒடிந்த வயரை அதே இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் சில மாதத்தில் மறுபடி அதே கதைதான். வளைகிற பகுதி முழுவதையும் வெட்டியெடுத்து, மெல்லிய இழைகள் நிறைந்த வயரைப் போட்டு, பற்றவைப்பு இரண்டும் ரப்பர் உறைக்கு வெளியே வருமாறு வைக்க வேண்டும். உள்பலகையை மாட்டுவதற்கு முன் கதவைப் பத்துமுறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் லாக் பட்டனை அழுத்தி அந்த ‘டக்’ கேட்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.